காணாமல் விட்ட பறவைகள்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைமாட்டில், கதவைப் பார்த்தபடி, இயக்குநர் அம்மா. அவருக்கு இடப்புறம், திரைக்குப் பக்கத்தில், மடிக்கணினியும் தானுமாக மாடல் தம்பி. எதிர்ப்புறம் ஜன்னலோரமாகச் சித்தப்பா. சித்தி அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நாற்காலியை ஒரு முழம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையின் கால்மாட்டில் குறிப்பு நோட்டுடன் நான். கட்டிலுக்குச் சொல்கிற வார்த்தைகளை மேசைக்குச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அந்த மேசையில் இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். சில கூட்டங்களின்போது அந்த எண்ணம் எல்லோருக்குமே வந்திருக்கிறது.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் பேச்சை எழுதுவேன். எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது, இடம், நாள், பெறுநர் எல்லாம் அதனதன் மூலையில் உட்கார்ந்த பிறகுதான் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும் என்றார்கள். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது.

ஏரி அலுவலகத்தில் எனக்குத் தரவுப் பொறுப்பு. பறவைகளை எண்ணுகிறவர்கள் கொண்டுவரும் தாள்களை வாங்கிச் சரிபார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். அவற்றை எந்த முறையில் கணக்கிடுவது என்று மாடல் தம்பியோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். எண்ணுகிறவர்கள் என்றால் சித்தப்பாவும் சித்தியும்தான். அவள் என் அம்மாவின் தங்கை. வீட்டிலேயே துணி தைக்கிறாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக, மாதத்தில் ஒரு காலை, இருவரும் படகில் போய்க் கரையோர நாணலுக்குள் திரியும் முக்குளிப்பான்களை எண்ணி வருகிறார்கள். இரண்டு கைக்குள் அடங்கிவிடுகிற நீர்ப்பறவை அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போய்விடும். எங்கே எழும் என்று சொல்ல முடியாது. எண்ணுகிறவர்களை அழவைப்பதற்கென்றே பிறந்தது.

அதனால்தான் இரண்டு பேர் எண்ணுகிறார்கள். எங்கள் பள்ளியில் கட்டுரை நோட்டைத் தமிழாசிரியர் ஒரு முறையும் தலைமையாசிரியர் ஒரு முறையும் திருத்துவார்கள். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே பிழைகளைக் கண்டுபிடித்தால், தப்பிய பிழைகள் அதிகம் இல்லை என்று அர்த்தம். ஆளுக்கொரு பிழையைக் கண்டுபிடித்தால், இரண்டு பேர் கண்ணிலும் படாதவை இன்னும் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம். பறவைக் கணக்கும் இப்படித்தான். படகில் சித்தப்பா முன்னால், சித்தி பின்னால். கரையில் நட்ட கம்பங்களுக்கு இடையே பார்த்ததை ஆளுக்கொரு தாளில் புள்ளியாக வைப்பார்கள். இரண்டு தாளையும் ஒப்பிட்டால், பார்க்காமல் விட்டவை எத்தனை என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. ‘படகில் பேசக் கூடாது’ என்று விதித்தாளின் முதல் வரியில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாடல் தம்பி திரையில் ஒரு கோட்டைக் காட்டினான். எதைக் கேட்டாலும் “அதுக்கு ஒரு மாடல் இருக்கு” என்பான். அப்படி வந்த பெயர். கோடு பதினான்கு வருடம் சமமாகப் போய், கடைசி ஐந்து வருடத்தில் படிக்கட்டில் தடுக்கி விழுந்தது போலக் கீழே இறங்கியிருந்தது.

“நூத்துக்கு முப்பது குறைஞ்சிருக்கு மேடம்.”

“முங்குறப்ப வலையில சிக்குது போல. வடகரையில மீன்வலை போடுறதை நிறுத்தச் சொல்லி எழுதணும்” என்றார் இயக்குநர். “இந்த மாசக் கடைசிக்குள்ள ரிப்போர்ட் போகணும்.”

சித்தப்பா திரையைப் பார்க்காமல், திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “பறவை அப்படியேதானே இருக்கு? எங்க குறைஞ்சிருக்கு?”

“மாமா, நீங்க எண்ணினது குறையல. நீங்க எண்ணாம விட்டதுதான் குறைஞ்சிருக்கு.”

“விட்டது எனக்கு எப்படித் தம்பி தெரியும்? தெரிஞ்சா விட்டிருப்பேனா?”

இயக்குநரே சிரித்துவிட்டார். மாடல் தம்பி விடவில்லை. “முன்னெல்லாம் ரெண்டு பேருக்கும் நிறைய வித்தியாசம் வரும். அஞ்சு வருஷமா ஒரு பறவைகூட மாறாம ஒரே மாதிரி வருது. அவ்வளவு கூர்மையா ஆயிட்டீங்க. உங்க கண்ணுல இருந்து எதுவும் தப்பறதில்ல. அப்போ பார்த்ததுதான் மொத்தமே.”

சித்தி தலை நிமிரவில்லை. மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்கு ஒன்றை எடுத்து, விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து எழும்போது சித்தப்பாவின் தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் அவர் கை போகும் இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை. நானும் குறிப்பில் எழுதவில்லை.

ஆனால் மனதில் அது உட்கார்ந்துகொண்டது. வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு: தாறுமாறாக வரும் தாளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, இஸ்திரி போட்டது போல் வரும் தாளைக் கண்டால்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும். மறுநாள் அலமாரியிலிருந்து பழைய தாள்களை இறக்கினேன். முதல் வருடங்களின் தாள்கள் ஒரு குடும்பச் சண்டையின் ஆவணங்கள். குறிப்புக் கட்டத்தில் சித்தப்பா எழுதியிருந்தார்: ‘பின்னால் இருப்பவர் நாமக்கோழிக் குஞ்சையும் சேர்த்து எண்ணுகிறார்.’ அதே நாள் சித்தியின் தாளில்: ‘முன்னால் இருப்பவர் தூங்குகிறார்.’ இன்னொரு மாதம்: ‘முன்னால் இருப்பவரின் தலை மறைக்கிறது. தலையைக் கழற்றி வைக்க விதி உண்டா?’ பேச விடாததால் எழுதித் தீர்த்திருக்கிறார்கள். படித்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் குறிப்புகள் நின்றுபோயிருந்தன. சித்தப்பாவின் பென்சில் போய்க் கெட்டியான கறுப்புப் பேனா வந்திருந்தது. புள்ளிகள் மிளகளவு பெருத்து, கட்டத்தின் கோட்டில் பாதி ஏறியிருந்தன. எண்ணிக்கை மட்டும் சித்தியின் தாளோடு அச்சாகப் பொருந்தியது. முப்பது சதவீதம் எங்கே போயிற்று என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது. முன்பு இரண்டு பேரும் மாறி மாறித் தவறவிட்டதால், விட்டவற்றுக்காக ஒரு முப்பதைக் கணக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது ஒத்துப்போகிறார்கள் என்பதால் சேர்க்கவில்லை. தாளில் இருந்த பறவைகளில் ஒன்றும் குறையவில்லை. யாரும் ஒருபோதும் பார்த்திராத பறவைகள்தான் போயிருந்தன. அவற்றை நம்பித்தான் வடகரை வலைகளைச் சுருட்டச் சொல்லப்போகிறோம்.

அடுத்த எண்ணிக்கைக்கு நானும் வருகிறேன் என்றேன். “வாயேன், யாரு வேணாம்னா” என்றாள் சித்தி. குரல் மட்டும் வரவேற்கவில்லை.

படகில் முன்பலகையில் சித்தப்பா, கழுத்தில் பைனாகுலர். அவருக்கு ஒரு கை தூரத்தில் சித்தி. அவளுக்குப் பின்னால் நான். கடைசியில் துடுப்போடு படகோட்டி. வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. துடுப்பு எழும்போது சொட்டும் நீர்தான் சத்தம்; அதுவும் ஏதோ ரகசியம் பேசுவது போல. மூன்றாம் கம்பத்தைத் தாண்டியதும் நாணல் ஓரத்தில் ஒரு முக்குளிப்பான் எழுந்தது. சித்தப்பாவின் பைனாகுலர் வேறெங்கோ வானத்தின் அடிவரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தி தன் தாளில் புள்ளி வைத்தாள். பிறகு பென்சிலின் மழுங்கிய முனையால் அவர் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு தட்டு தட்டினாள். அவர் குனிந்து, தாளை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி வைத்தார். அடுத்த கம்பத்துக்குள் இரண்டு பறவைகள். இரண்டு தட்டு.

பேசக் கூடாது என்று எழுதியிருந்தேன். தொடக் கூடாது என்று எழுதவில்லை.

திரும்பிப் படகோட்டியைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். ‘நான் துடுப்புப் போடுகிறேன், அவங்க வீட்டு விஷயம் எனக்கெதுக்கு’ என்று அந்த உதடு சொல்லிற்று. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

நாணல் அடர்ந்த வளைவுக்கு வந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். சித்தி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவின் முதுகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. ஒரு நொடி கழித்துத்தான் எனக்குக் கேட்டது: நாணலுக்குள் எங்கோ, கிலுகிலுவென்று, சிரிப்பை அடக்க முடியாத குழந்தை போல ஒரு முக்குளிப்பானின் குரல். சித்தி அவர் சாய்ந்த பக்கம் திரும்பினாள். காத்திருந்தாள். தண்டுகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு கழுத்து தெரிந்தது. இரண்டு பேரும் புள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் பறவைகளைப் பார்க்கவில்லை. அந்த முதுகையும் அந்தப் பென்சிலையும்தான் பார்த்துக்கொண்டு போனேன். தட்டு, சாய்வு, தட்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அடுக்களையில் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நடமாடுவார்களே, அப்படி.

சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினில் குழந்தைச் சட்டை ஒன்று பாதியில் இருந்தது. என்னைக் கண்டதும் அவளே மிஷினை நிறுத்தினாள்.

“பார்த்துட்டேல்ல.”

“எப்போலேருந்து சித்தி?”

“அஞ்சு வருஷமாச்சு. அவர் கண்ணுக்கு நடுவுல ஒரு பொட்டு வெச்ச மாதிரி மறைக்குதாம். நேரா பார்த்தா என் மூஞ்சி இருக்காது, காது ரெண்டும் இருக்குங்கறாரு. அதுக்கு மருந்து இல்லன்னுட்டாங்க.” ஊசியிலிருந்து நூலை உருவினாள். “அப்போ ஒரு நாள் படகுல தாளை வெறுமனே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒரு புள்ளி இல்ல. கை சும்மா இருந்துச்சு. பஸ் வேலையை விட்டப்பகூட அந்தக் கை அப்படி இருந்ததில்ல. எனக்குப் பொறுக்கல, தட்டிட்டேன். அவரு கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.”

“கணக்கு தப்பா வருது சித்தி. வடகரையை மூடச் சொல்லப் போறாங்க.”

“அன்னிக்கு மீட்டிங்ல புரிஞ்சுது. மூணு நாளா தூக்கமில்ல.” குரல் தாழ்ந்தது. “நீ சொல்லித்தான் ஆகணும். ஆனா அவரைப் படகுலேருந்து இறக்கிட்டா அந்த மனுஷன் எந்தப் பக்கம் பார்த்து உக்காருவாரு, சொல்லு.”

“யாரை இறக்குறீங்க?” என்றது உள்ளறை. கண்ணுக்குச் சேர்த்து ஆண்டவன் காதில் கொடுத்துவிட்டான் போலும். சித்தப்பா நிலையைத் தொட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்ப்பதற்காக என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். “கண்ணு, உன் பேனா காலையில படகுல ஒரு தடவைகூட ஓடலியே. நீ பார்த்துட்டேன்னு அப்பவே தெரியும்.”

“சித்தப்பா...”

“தப்புதான். ரூல் தெரியாதவன் இல்ல நான். வண்டியில பக்கத்துல உக்காந்தவன் ரோட்டைச் சொல்ல, நான் ஓட்டின கணக்கா ஆச்சு. என் தாளை எடுத்துடு. ஆனா ஒண்ணு. என் கணக்குன்னு அதுல எதுவும் இல்லன்னா நான் வரமாட்டேன். சும்மா சுமையா உக்காந்து வர நான் என்ன அரிசி மூட்டையா?”

“அரிசி மூட்டைன்னா பேசாம வரும்” என்றாள் சித்தி. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோக்க வேண்டாத ஊசியைக் கோத்தாள்.

மறுநாள் மாடல் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வருடத் தரவையும் தூக்கிக் குப்பையில் போடு என்பான், அல்லது சித்தப்பாவின் தாள்களை மட்டும் நீக்கிவிட்டுச் சித்தியின் தாளை வைத்துக் கணக்கிடு என்பான் என்று எதிர்பார்த்து, இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் ஐந்து வருடத் தரவையும் திரையில் ஒரு முறை மேலும் கீழும் ஓட்டினான்.

“சித்தியம்மா தாளை மட்டும் வெச்சாலும் தப்புக்கா” என்றான். “அதுல அவர் காது இருக்கே. அவர் சாஞ்சதால அவங்க பார்த்தது எத்தனைன்னு பிரிக்கவே முடியாது.” நாற்காலியைத் திருப்பினான். “அக்கா, அவங்க ரெண்டு பேர் இல்ல. ஒரே ஆளு. மாடல்ல ரெண்டு பேருன்னு எழுதினது நாம.”

இந்தப் பையனைப் போய்க் கல்நெஞ்சன் என்று நினைத்திருந்தேன்.

“ஒரே ஆளுன்னா, அந்த ஆளு எத்தனை விடறாருன்னு எப்படித் தெரியும்?” என்றேன்.

“தெரியாது. ஊகிக்கவும் கூடாது. அளக்கணும். இன்னொரு படகு விடுவோம். கொஞ்சம் தள்ளி, பின்னால. அதுல நானும் நீங்களும். ரெண்டு படகுத் தாளையும் ஒப்பிடுவோம். அந்தப் படகு ஒரு பார்வையாளர், இந்தப் படகு ஒரு பார்வையாளர். அவங்க தட்டட்டும், சாயட்டும், பாட்டே பாடட்டும். நமக்குக் கேக்காம இருந்தா போதும்.” பிறகு சேர்த்துக்கொண்டான்: “ஒரு வருஷமாவது எண்ணணும். அதுவரைக்கும் குறைஞ்சிருக்குன்னும் சொல்ல முடியாது, குறையலன்னும் சொல்ல முடியாது.”

இயக்குநர் அம்மா கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடுவது அவருக்கு எளிதல்ல. மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். “சரி” என்றார் கடைசியில். “ஆனா இனிமே அவருக்குன்னு தனித் தாள் இருக்கக் கூடாது. அதை மறைச்சு, பூசி மெழுகிச் சொல்லவும் கூடாது. அவருக்கு நேரா தெரியணும். அவங்களுக்கு நீங்களே எழுதுங்க. நான் எழுதினா ஆர்டர் மாதிரி இருக்கும்” என்றார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்கலாம். நேரில் சொன்னால் சித்தப்பா உடனே பதில் சொல்வார். சொன்ன சொல்லிலிருந்து அவரை இறக்குவது கஷ்டம். கடிதம் பொறுமையாக மேசையில் காத்திருக்கும். ஆனால் இடமும் நாளும் எழுதி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது: இதை அவரால் படிக்க முடியாது. சித்திதான் படித்துக் காட்டுவாள். நான் எழுதுவது அவள் குரலில்தான் அவருக்குப் போய்ச் சேரும். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளுக்கு மூச்சு வாங்காதபடி, சின்னச் சின்ன வாக்கியங்களாக மறுபடி தொடங்கினேன். இத்தனை வருடமும் அலுவலகக் கடிதங்களை இருவருக்கும் தனித்தனியாகவே அனுப்பியிருக்கிறேன், விதிப்படி. இந்த முறை ஒரே விளிப்பு.

‘அன்புள்ள சித்தப்பா, சித்தி,

கடந்த ஐந்து வருடத் தாள்களை இரண்டு பேருடைய கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அவை ஒருவருடைய கணக்கு. இனி படகில் இரண்டு தாள் வேண்டாம். ஒரு தாள் போதும். அதில் பார்வையாளர் என்ற இடத்தில் உங்கள் இருவர் பெயரும் ஒரே வரியில் இருக்கும். சித்தப்பாவின் பெயர் எடுக்கப்படவில்லை. பக்கத்துத் தாளிலிருந்து பக்கத்து இடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விதித்தாளில் ஒரு வரி மாற்றியிருக்கிறேன். ஒரே படகில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளலாம். அடுத்த படகுக்குக் கேட்கக் கூடாது.

அடுத்த படகில் நானும் மாடல் தம்பியும் வருகிறோம். நீங்கள் விடுகிறவற்றை நாங்கள் பார்ப்போம். நாங்கள் விடுகிறவற்றை நீங்கள் பாருங்கள். எங்கள் படகில் நாணலுக்குள் கேட்கிற காது கிடையாது. அது எங்கே இருக்கிறதோ, அந்தப் படகுதான் அதிகம் காணும் என்பது என் எண்ணம். எண்ணம் மட்டும்தான். அளந்த பிறகு சொல்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை படகு புறப்படும். முன்பலகை காலியாக இருந்தால் அந்த மாதம் எண்ணிக்கை இல்லை.’

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். மிரட்டல் போலிருந்தது. ஆனால் பொய் இல்லை. ஒரு பார்வையாளரில் பாதி வராவிட்டால் எண்ணுவதற்கு ஆளில்லை. அப்படியே விட்டேன். கீழே குறிப்புக்கென்று இடம் மிச்சமிருந்தது. பழைய தாள்களில் அந்தக் கட்டம் ஐந்து வருடமாகக் காலியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. ‘குறிப்புக் கட்டம் முன்போலவே உண்டு. ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம்’ என்று சேர்த்தேன்.

புதிய தாள் ஒன்றைச் சேர்த்து மடித்து உறையில் வைத்தேன். முகவரியில் முதலில் அவர் பெயர், பக்கத்தில் அவள் பெயர், நடுவில் காற்புள்ளி. பசை தடவி மடிப்பை ஒட்டினேன். தெருமுனைத் தபால் பெட்டி வரை கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். பெட்டியின் வாயில் பாதி நுழைத்த பிறகு ஒரு மூலை மட்டும் பிரிந்திருப்பது தெரிந்தது. வெளியே எடுத்து, உறையை உள்ளங்கையில் கிடத்தி, ஒட்டாத இடத்தில் விரல் நுனியால் மெல்லத் தட்டினேன். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு உள்ளே போட்டேன்.